கார் ஏசி குழாய் உரசித் தேயாமலிருக்க: டியூப் சுற்றுவதா, டை போடுவதா, கிளாம்ப் போடுவதா?

இரண்டு கோடைகள் தொடர்ந்து என் காருக்கு ஏசி கேஸ் நிரப்பினேன். சித்திரையில் நிரப்பினால் ஆவணிக்குள் ஏசி வெதுவெதுவென்று ஊதத் தொடங்கிவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய டீசல் வண்டி அது. முதல் வருடம், "பழைய வண்டின்னா கொஞ்சம் கொஞ்சமா இறங்கத்தான் செய்யும்" என்றார்கள். அடுத்த வருடம் வேறொரு பட்டறையில் கண்டென்சர் (கேஸின் சூட்டை வெளியே தள்ளும் முன்பக்கப் பாகம்) லீக் என்று சொல்லிப் புதுக் கண்டென்சரே மாட்டினார்கள். மூன்றாவது வருடம் திண்டுக்கல்லில் ஒரு வயதான ஏசி மெக்கானிக்கிடம் போனேன். அவர் அழுத்தம் பார்க்கும் கேஜை எடுக்கவில்லை. டார்ச்சோடு பானெட்டுக்குள் குனிந்து, குழாய் போகும் வழியெல்லாம் விரலால் தடவிக்கொண்டே வந்தார். முன் கிரில்லை ஒட்டி ஓடும் சுண்டுவிரல் கனமான அலுமினியக் குழாயில் விரல் நின்றது. அந்த இடத்தில் மை பூசியது போலக் கறுப்புப் பிசுக்கு. துணியால் துடைத்ததும் அடியில் நெல்மணி நீளத்துக்கு ஒரு பள்ளம் பளபளத்தது. நேர் எதிரே, எனக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் மாட்டிய ஹாரனின் தகட்டு விளிம்பு.

"தம்பி, இது கேஸ் பிரச்சனை இல்ல, கட்டுப் பிரச்சனை. இங்க இருந்த கிளிப்பு விழுந்துபோச்சு. பைப்பு ஆடி ஆடித் தானா அறுபட்டிருக்கு" என்றார்.

பள்ளத்தின் நடுவில் இருந்த துளை ஊசி முனையைவிடச் சிறியது. எண்ணெயும் தூசியும் கலந்த பிசுக்கு அதைப் பாதி அடைத்திருந்ததால்தான் கேஸ் மாதக்கணக்கில் மெல்ல இறங்கியிருக்கிறது. அன்றிலிருந்து, உறவுக்காரர் வண்டி எது வீட்டுக்கு வந்தாலும் பானெட்டைத் திறந்து ஏசி குழாயைப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. எங்காவது ஒரு கிளிப் காணாமல் போயிருக்கும். அதற்குப் பதிலாக யாராவது எதையாவது சுற்றி வைத்திருப்பார்கள்.

ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். சைக்கிள் டியூப் சுற்று, நெளிகுழாய் மாட்டு, கேபிள் டை போடு, கிளாம்ப் போடு, குழாயைக் கையால் வளைத்துத் தள்ளிவிடு. ஒன்றும் செய்யாமல் வருடா வருடம் கேஸ் நிரப்பிக்கொள் என்பவர்களும் உண்டு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அலுமினியக் குழாய்க்குக் கிளாம்ப், ரப்பர் ஹோஸுக்கு இடைவெளியும் உறையும். இதை மாற்றிப் போட்டால் காப்பாற்ற வைத்த பொருளே குழாயைத் தின்றுவிடும். ஏன் என்பதுதான் இனி எழுதப்போவது.

எது ஆடுகிறது, எது ஆடவில்லை

கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் ஏசி கம்ப்ரசர் இன்ஜினோடு போல்ட் போட்டுப் பிணைக்கப்பட்டது. கண்டென்சரும் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலும் வண்டியின் பாடியோடு பிணைக்கப்பட்டவை. இன்ஜின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்து ஆடும், பாடி அதோடு சேர்ந்து ஆடாது. அதனால்தான் கம்ப்ரசரிலிருந்து கிளம்பும் இரண்டு குழாய்களிலும் கொஞ்ச தூரத்துக்கு ரப்பர் ஹோஸ் வைத்திருப்பார்கள். அந்த ரப்பர் பகுதி அசைவை வாங்கிக்கொள்ளும். அதைத் தாண்டியதும் குழாய் அலுமினியமாகி, பாடியில் அங்கங்கே கிளிப் போட்டு நிற்கும்.

ஆகவே உரசல் இரண்டு வகை. ரப்பர் ஹோஸ் இன்ஜினோடு சேர்ந்து ஆடி, பேட்டரி தட்டிலோ ஃபேன் கூட்டிலோ இடிப்பது ஒன்று. இதில் அசைவு பெரிது, கண்ணால் பார்க்கலாம். அலுமினியக் குழாய் தன் கிளிப்பை இழந்து, தகட்டு விளிம்பிலோ பக்கத்துக் குழாயிலோ அதிர்வது இன்னொன்று. இதில் அசைவு மயிரிழை அளவுதான், ஆனால் ஓயாது. நாலு சிலிண்டர் இன்ஜின் ஐடிலில் 800 ஆர்பிஎம்மில் ஓடினாலே நிமிடத்துக்கு 1,600 முறை வெடிப்பு. அத்தனை துடிப்பும் பாடிக்குக் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

அலுமினியம் மெத்தென்ற உலோகம். அதன் ஆக்சைடு அப்படியல்ல. அலுமினிய ஆக்சைடின் படிகம்தான் குருந்தக்கல். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10 என்றால் குருந்தத்துக்கு 9. (கொரண்டம் என்ற ஆங்கிலப் பெயர் நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனதுதான்.) உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் துகளும் பல சமயம் இதே அலுமினிய ஆக்சைடு. குழாய் உரசும்போது உதிரும் பொடி காற்றில் உடனே ஆக்சைடாகிறது. அது வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தங்கி, தான் உதிர்ந்த குழாயையே அரைக்கிறது. நான் பார்த்த கறுப்புப் பிசுக்கு இந்தப் பொடியும், தெருத் தூசியும், உள்ளிருந்து கசிந்த கம்ப்ரசர் எண்ணெயும் கலந்தது.

"அலுமினிய ஆக்சைடு வெளியே போக வழியில்லை" என்பதை மனதில் வையுங்கள். உறைகளை எடைபோடும்போது இதுதான் உரைகல்.

அழுத்தத்தையும் சொல்ல வேண்டும். 35 டிகிரி வெயிலில், வண்டி நிறுத்தி வைத்திருக்கும்போதே, கார் ஏசியில் நிரப்பும் ஆர்-134ஏ கேஸ் குழாய்க்குள் ஏறத்தாழ 110 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இருக்கும். டயரில் நாம் அடிப்பது 32, 33தான். ஏசி ஓடும்போது கண்டென்சர் பக்கத்துக் குழாயில் அது 200, வெயில் நாளில் 250 வரை ஏறும். இதைத் தாங்கும் சின்னக் குழாயின் சுவர் 1 முதல் 1.5 மில்லிமீட்டர். அதில் நகம் மாட்டுகிற அளவு பள்ளம் விழுந்துவிட்டால், சுவரில் கணிசமான பங்கு போய்விட்டது என்று பொருள்.

வருடா வருடம் நிரப்பிக்கொள்வது

இதைத்தான் பலர் செய்கிறார்கள், நானும் செய்தேன். ஒரு தடவைக்கு ஆகும் செலவு சின்னதாகத் தெரிவதே இதன் ஆபத்து. கேஸ் மட்டும் போவதில்லை. கம்ப்ரசருக்கு வேண்டிய எண்ணெய் கேஸோடு கலந்துதான் சுற்றி வருகிறது. கசியும்போது எண்ணெயும் கசியும், கேஸ் குறைந்தால் எண்ணெய் கம்ப்ரசருக்குத் திரும்பி வருவதும் குறையும். கேஸ் மிகவும் இறங்கிவிட்டால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். அந்த எல்லைக்குச் சற்று மேலே, அரைகுறைக் கேஸோடு மாதக்கணக்கில் ஓடுவதுதான் கம்ப்ரசரைக் கொல்வது. அதன் விலைக்குப் பத்து வருடம் கிளாம்ப் வாங்கலாம்.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. ஆர்-134ஏ ஓசோன் படலத்தைக் கெடுக்காது. ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கரியமில வாயுவைப் போல 1,430 மடங்கு என்று நூறாண்டுக் கணக்கில் சொல்கிறார்கள். ஒரு சின்னக் காரில் 450 கிராம் கேஸ் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அது முழுதும் வெளியே போவது 640 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இந்த வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கும் 2016-ஆம் ஆண்டின் கிகாலி ஒப்பந்தத்தை இந்தியா 2021-இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. லீக்கைத் தேடாமல் மேலே மேலே நிரப்புவது காசுக்கும் கேடு, ஊருக்கும் கேடு.

இந்த வழி வேண்டவே வேண்டாம்.

சுற்றும் பொருள்கள்

சைக்கிள் டியூப்பிலிருந்து தொடங்குவோம். நம் ஊரில் அதுதான் முதல் மருந்து. பழைய டியூப்பை நீளவாக்கில் வெட்டி, குழாயில் இறுக்கிச் சுற்றி, நுனியை முடிந்துவிடுவது. ரப்பர் நல்ல ரப்பர்தான், அதிர்வையும் வாங்கும். ஆனால் எண்ணெய் பட்டால் ஊதிப் பிசுபிசுத்துவிடும். இன்ஜின் பக்கம் எண்ணெய் படாத இடம் குறைவு. இதைவிட முக்கியம், சுற்றின் இடுக்குகளில் மணல் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒருமுறை என் மைத்துனர் வண்டியில் அப்படிச் சுற்றியிருந்த டியூப்பை நானே பிரித்தேன். வெளியே ரப்பர் முழுசாக இருந்தது. உள்ளே குழாய் முழுவதும் சாம்பல் நிறத்தில் பொரிந்து, செம்மண் துகள் அப்பியிருந்தது. எதன்மீது உரசக் கூடாது என்று சுற்றினார்களோ அதன்மீது உரசவில்லை, டியூப்பின் மீதே உரசியிருக்கிறது. குழாய் ஆடுவது நிற்கவில்லை அல்லவா? அதனால் தேய்மானம் இடம் மாறியதே தவிர ஓயவில்லை. சுற்றி மூடிவிட்டதால் பார்க்கவும் முடியாமல் போனது.

வயரிங்குக்குப் போடும் கறுப்பு நெளிகுழாய், ஒரு பக்கம் பிளந்து வருவது, இதைவிடக் கொஞ்சம் மேல். தளர்வாக இருப்பதால் தண்ணீர் வடிந்துவிடும், நிமிடத்தில் கழற்றிப் பார்க்கலாம். ஆனால் அது கடினமான பிளாஸ்டிக். அலுமினியத்தின்மேல் தளர்வாக ஆடினால் அதுவே அரைக்கும். ரப்பர் ஹோஸின்மேல் போடவே அது ஏற்றது.

கறுப்பு இன்சுலேஷன் டேப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சூட்டில் பசை ஒழுகும், சுற்று அவிழும்.

எந்தப் பொருளைச் சுற்றினாலும் எந்தக் குழாய் என்று பார்த்துச் சுற்ற வேண்டும். கம்ப்ரசரிலிருந்து கண்டென்சருக்குப் போகும் குழாய் கை வைக்க முடியாத அளவு கொதிக்கும். அதில் பிவிசி டியூப் போட்டால் ஒரே கோடையில் மொறுமொறுவென்று உடையும். கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்பும் தடித்த குழாய் நேர்மாறு. சில்லென்று இருப்பதால் எப்போதும் வியர்த்துக்கொண்டே இருக்கும். அதில் நுரை ஷீட்டைச் சுற்றினால் ஈரம் உள்ளேயே நிற்கும். தூத்துக்குடி, ராமேஸ்வரம், சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற உப்புக்காற்று ஊர்களில் அந்த ஈரம் உப்பு ஈரம். நுரைக்கு அடியில் அலுமினியம் வெள்ளைப் பூப்பூத்துப் பொத்தலாகிவிடும். தயாரிப்பாளரே நுரை உறை போட்ட குழாய்களில்கூட அந்த உறை கிழிந்து தொங்கினால் மாற்றிவிடுங்கள், விட்டுவைக்காதீர்கள்.

ரப்பரில் எது நல்லது என்று கேட்பவர்களுக்கு: வெயில், சூடு தாங்க ஈபிடிஎம். எண்ணெய் சொட்டும் இடமென்றால் நைட்ரைல். சிலிகான் 200 டிகிரிகூடத் தாங்கும், ஆனால் விளிம்பு பட்டால் கிழிந்துவிடும், உரசும் இடத்துக்கு அது வேண்டாம்.

கேபிள் டையும் கட்டுக்கம்பியும்

கட்டுக்கம்பியை முதலில் தள்ளிவிடலாம். சென்ட்ரிங் வேலைக்குக் கம்பி கட்டும் அதே கம்பியால் ஏசி குழாயை இறுக்கிக் கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். இரும்பு அலுமினியத்தைவிடக் கடினம். போதாக்குறைக்கு, இரும்பும் அலுமினியமும் ஒட்டி நின்று நடுவில் உப்புத் தண்ணீர் பட்டால், அரிபடுவது அலுமினியம்தான். அறுப்பும் அரிப்பும் ஒரே இடத்தில் சேர்கின்றன.

கேபிள் டை பார்க்கச் சாதுவானது. நைலான்தானே, உலோகத்தை என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஆனால் மெத்தென்ற நைலானில் மணல் துகள் பதிந்து நிற்கும். பதிந்தபின் அது துகள் ஒட்டிய பட்டை, குழாயைச் சுற்றி மோதிரம் போல ஒரு தடம் வெட்டும். சாதாரண டை 85 டிகிரிவரைதான் தாங்கும். வெள்ளை டை வெயிலில் நொறுங்கும், கறுப்பு கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால், வீடு வந்து சேர ஒரு டை போடலாம். அதுவும் குழாய்மேல் ஒரு துண்டு ரப்பர் வைத்து, அதன்மேல் போட வேண்டும். அதற்குமேல் அதை நம்பாதீர்கள். இரண்டு ஏசி குழாய்களைச் சேர்த்து ஒரே டையில் கட்டுவது இன்னும் மோசம். ஒன்று அதிரும்போது மற்றதை அறுக்கும்.

ரப்பர் போட்ட கிளாம்ப்

திண்டுக்கல் மெக்கானிக் என் குழாய்க்குச் செய்தது இதுதான், நான் எல்லாருக்கும் சொல்வதும் இதுதான். 'பி' என்ற ஆங்கில எழுத்தின் வடிவில் ஒரு இரும்புப் பட்டை, உள்ளே ரப்பர் உறை, வாலில் ஒரு போல்ட் துளை. ஸ்பேர் கடையில் ரப்பர் போட்ட பி-கிளாம்ப் என்று கேட்டால் கிடைக்கும். விலை ஒரு டீ, வடை அளவு. விமானத்தில்கூட எண்ணெய்க் குழாய்களை இதே வகைக் கிளாம்பில்தான் பிடிக்கிறார்கள்.

இது ஏன் டியூப் சுற்றுவதைப் போல ஆகாது? ரப்பர் இங்கேயும் இருக்கிறதே? வித்தியாசம் அசைவில். டியூப் குழாயோடு சேர்ந்து ஆடும். கிளாம்ப் குழாயைப் பாடியோடு பிடித்துவிடுகிறது. ரப்பருக்கும் குழாய்க்கும் நடுவே சறுக்கல் இல்லை, மணல் நுழைய இடுக்கு இல்லை. மிச்சமிருக்கும் அதிர்வை ரப்பர் தன் உடம்புக்குள்ளேயே நெளிந்து வாங்கிக்கொள்கிறது.

அளவு மட்டும் பிசகக் கூடாது. குழாய் 8 மில்லிமீட்டர் என்றால் கிளாம்பின் உள்விட்டமும் 8. "10-தான் இருக்கு, இறுக்கினா சரியாயிடும்" என்று கடையில் சொல்வார்கள், வாங்காதீர்கள். லூஸான கிளாம்ப், கிளாம்ப் இல்லாததைவிடக் கெடுதல். பெரியவர் என் வண்டியில் போட்டபோது குழாயைத் துடைத்து, கிளாம்பை மாட்டி, போல்ட்டை முறுக்குவதற்கு முன்பே கிளாம்பை விரலால் மூடிப் பிடித்துக் குழாயின்மேல் சுழற்றிப் பார்த்தார். சுழன்றது. கழற்றிப் போட்டுவிட்டு ஒரு அளவு சின்னதை எடுத்தார். அதில் சுழலவில்லை. பிறகு ஹாரனைக் கழற்றி ஒரு கை அகலம் தள்ளி மாட்டினார். உரசிய இடத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு கிளாம்ப். இரண்டுக்கும் ஏற்கெனவே இருந்த 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளையே பயன்படுத்தினார். புதுத் துளை போட்டே ஆக வேண்டும் என்றால், பின்னால் கண்டென்சரோ வயரோ இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டுப் போடுங்கள். துளையின் விளிம்பைத் தேய்த்து, பெயின்ட் வையுங்கள்.

கிளாம்புக்கும் ஒரு எல்லை உண்டு. ஆடுவதையும் ஆடாததையும் சேர்த்துக் கட்டக் கூடாது. கம்ப்ரசரிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ் ஆடுகிறதே என்று அதைப் பாடியோடு கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டால், இன்ஜினின் அசைவு முழுவதும் கம்ப்ரசர் முனையில் இருக்கும் அலுமினிய வளைவுக்கும், ஹோஸை நெரித்துப் பிடித்திருக்கும் உலோக வளையமான கிரிம்புக்கும் போய்ச் சேரும். சில மாதத்தில் அங்கே விரிசல் விழும். ரப்பர் ஹோஸ் ஆடத்தான் வேண்டும், அதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது. அதைக் கட்ட வேண்டிய தேவை வந்தால் இன்ஜினில் இருந்து நீளும் பிராக்கெட்டிலோ, இல்லை பாடி பக்கத்து முனையிலோ கட்டலாம். நடுவில் கட்டக் கூடாது.

உறைக்கு உரிய இடம் இங்கேதான். ஹோஸ் ஆடும் தூரத்தில் விளிம்பு ஏதாவது இருந்தால், முதலில் அந்த விளிம்பை நகர்த்தப் பாருங்கள். முடியாவிட்டால் அந்த விளிம்புக்கே ரப்பர் பீடிங் மாட்டுங்கள். கார்க் கதவு ஓரத்துக்கு மாட்டுகிறார்களே, அதே பீடிங். அதற்கும் பிறகு ஹோஸின்மேல் பிளந்த நெளிகுழாயோ, பின்னல் நைலான் உறையோ போடலாம். தேயப்போவது உறைதான் என்று தெரிந்து போடுவது அது. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும்.

குழாயை வளைத்து விடுவது

"லேசா அழுத்தித் தள்ளி விடுங்க, உரசாது." இதைக் கேட்டாலே எனக்குப் பதறும். அலுமினியம் ஒருமுறை வளைந்த இடத்தில் இறுகிவிடும், திரும்ப வளைத்தால் முறியும். பத்து வருட அதிர்வில் ஏற்கெனவே களைத்த குழாயைக் கையால் தள்ளும்போது, தள்ளும் இடத்தில் அது வளைவதில்லை. இணைப்பு நட்டுக்குப் பக்கத்தில் திருகும், இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் நகர்ந்து அங்கே லீக் தொடங்கும். குழாய்க்குள் 110 பிஎஸ்ஐ இருப்பதை மறக்கக் கூடாது, தெறித்தால் கண்ணில் படும், தோலை உறையவைக்கும். குழாயை விட்டுவிட்டு எதிரில் இருப்பதை நகர்த்துங்கள்.

எதிரில் இருப்பது எதுவும் நகர வழியில்லை, முன்பு உரசாமல் இருந்தது இப்போதுதான் உரசுகிறது என்றால், இன்ஜின் மவுண்டைச் சந்தேகியுங்கள். மவுண்ட் ரப்பர் கிழிந்து இன்ஜின் ஒரு பக்கம் அமர்ந்துவிட்டால், எல்லா ஹோஸும் தன் இடத்தை விட்டு இறங்கும். ஒருவரை சீட்டில் உட்காரவைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டார்ட் செய்து ஆஃப் பண்ணச் சொல்லுங்கள். ஆஃப் ஆகும் நொடியில்தான் இன்ஜின் அதிகம் குலுங்கும், டீசலில் இன்னும் நன்றாகத் தெரியும். நீங்கள் தள்ளி நின்று பாருங்கள். கையை உள்ளே விடாதீர்கள், ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடத் தொடங்கும். மவுண்ட் போயிருந்தால் அதை மாற்றுவதுதான் ஏசி குழாய்க்குச் செய்யும் வைத்தியம்.

உரசுகிறதா என்று உறுதியாகத் தெரியவில்லையா? சந்தேகமான இடத்தில் சாக்பீஸால் குழாயைச் சுற்றித் தடவிவிட்டு மழையில்லாத ஒரு வாரம் ஓட்டுங்கள். சாக்பீஸ் அழிந்த இடம் உரசும் இடம்.

ஏற்கெனவே தேய்ந்துவிட்டிருந்தால்

பெயின்ட் மட்டும் போயிருக்கிறது, நகம் மாட்டவில்லை என்றால் கிளாம்ப் போட்டுவிட்டுக் கவலையில்லாமல் இருக்கலாம். நகம் மாட்டினால் குழாயை மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். ரப்பர் ஹோஸில் மேல்தோல் போய் உள்ளே நூல் பின்னல் தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

துளையே விழுந்துவிட்டால் மூன்று வழி. எபாக்ஸி பசை இந்த அழுத்தத்துக்கு நிற்காது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆர்கான் வெல்டிங் மலிவு, நல்ல கை கிடைத்தால் பல வருடம் நிற்கும். ஆனால் பள்ளத்தைச் சுற்றியுள்ள சுவரும் மெலிந்திருக்கும், சூடு பட்ட அலுமினியம் இளகியும் போகும். புதுக் குழாய் கிடைக்காத பழைய வண்டிக்கு அது சரி. குழாயைக் கழற்றி, கேஸும் எண்ணெயும் இல்லாமல் சுத்தம் செய்த பிறகே வெல்டு வைக்க வேண்டும். ஆர்-134ஏ நெருப்பில் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற கொடிய நச்சு உண்டாகும். வண்டியிலேயே வைத்துத் தீ காட்டுகிறேன் என்பவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஹைட்ராலிக் ஹோஸ் கடைகளில் கெட்டுப்போன பகுதியை வெட்டி, புது ஹோஸ் வைத்து கிரிம்ப் செய்து தருகிறார்கள். ரப்பர் பகுதிக்கு இது நல்ல வழி. உள்ளே நைலான் அடுக்கு உள்ள பேரியர் ஹோஸா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். வெறும் ரப்பர் ஹோஸின் சுவர் வழியாக ஆர்-134ஏ கசிந்துகொண்டே இருக்கும்.

நான் புதுக் குழாயே வாங்கினேன். நேரான அலுமினியக் குழாய், ஒரிஜினல் கிளிப் இடங்களோடு வந்தது. விலை வெல்டிங்கைவிடப் பல மடங்கு அதிகம், மறுக்கவில்லை. ஆனால் எந்த வழியானாலும் சிஸ்டத்தைத் திறந்துவிட்டால் ஓ-ரிங்குகள், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், இறங்கிய எண்ணெய்க்கு ஈடான எண்ணெய், நைட்ரஜன் அடித்து லீக் சோதனை, குறைந்தது அரை மணி நேர வேக்யூம், புதுக் கேஸ் என்று ஒரே செலவுதான். அந்தச் செலவை இரண்டாம் முறை செய்யாமல் இருக்கவே புதுக் குழாய்க்குப் போனேன்.

பின் வரிசை ஏசி உள்ள வண்டிகள்

ஏழு, எட்டு பேர் போகும் வண்டி வைத்திருப்பவர்கள், குறிப்பாக டாக்சி ஓட்டுபவர்கள், பானெட்டை மட்டும் பார்த்தால் போதாது. பின்னால் இருக்கும் காயிலுக்கு இரண்டு அலுமினியக் குழாய்கள் தரைக்கு அடியில் வண்டியின் நீளத்துக்கு ஓடும். சேறு, ஜல்லி, வேகத்தடை எல்லாம் அவற்றுக்குத்தான். பிளாஸ்டிக் கிளிப் ஒன்று உடைந்தால் குழாய் தொங்கும், தொங்கினால் சேசிஸ் விளிம்பில் அடிக்கும். கிளிப்புக்குள் சேறு இறுகினால் அது உப்புத்தாளாகும். சர்வீஸில் வண்டியைத் தூக்கும்போது ஐந்து நிமிடம் கூடவே நின்று, ஒவ்வொரு கிளிப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் பீச்சி அடிக்கும்போது கிளிப் இடுக்குகளிலிருந்து சேறு வெளியேறும்படி அடிக்கச் சொல்லுங்கள். கீழே அண்டர்கோட் அடிப்பவர்களிடம் இந்தக் குழாய்களை மூடிவிட்டு அடிக்கச் சொல்வது நல்லது. மேலே பூசிவிட்டால் பிறகு கசிவின் எண்ணெய்க் கறை கண்ணுக்குத் தெரியாது.

மின்சாரக் கார்களில் இன்ஜின் குலுக்கல் இல்லை, ஆனால் பல வண்டிகளில் பேட்டரியைக் குளிர்விப்பதும் இதே கேஸ்தான். உயர் மின்னழுத்த ஆரஞ்சு நிறக் கேபிள்கள் ஓடும் இடத்தில் நீங்களாகக் கை வைக்காதீர்கள், கிளாம்ப்கூட. மின்சாரக் கார்களின் கம்ப்ரசருக்கு ஊற்றும் எண்ணெயும் வேறு. மற்ற கார்களுக்கு ஊற்றும் சாதாரண பிஏஜி எண்ணெயைக் கலந்தால் மின்காப்பு கெடும். வாரண்டி ஓடும் எந்த வண்டிக்கும் இதுவே: உரசலை போட்டோ எடுத்து சர்வீஸில் காட்டி, ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்.

எலி கடித்த ஹோஸ் வேறு கதை, கடிபட்ட இடத்தில் பல் தடம் இருக்கும், பள்ளம் வழுவழுவென்று இருக்காது.

என் வண்டியில் கிளாம்ப் போட்ட அன்று பெரியவர் வெள்ளை பெயின்ட் மார்க்கரை எடுத்து, கிளாம்ப், குழாய், போல்ட் தலை மூன்றையும் தொட்டு ஒரே கோடாக இழுத்துவிட்டார். "இந்தக் கோடு முறியாம இருக்கிற வரைக்கும் எதுவும் நகரலன்னு அர்த்தம் தம்பி. பங்குனி மாசம் ஒரு தடவ பாத்துக்கிட்டா போதும்" என்றார். நாலாவது பங்குனியில் போன மாதம் பார்த்தேன். தூசியைத் துடைத்ததும் கோடு நேராக இருந்தது.